பேர் வெட்டாத தூக்குச்சட்டி

ஆடிக் காற்றுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. நான் பிறந்தது வன்னியம்பட்டியில். அங்கேயும் காற்று அடிக்கும்தான், ஆனால் அது மனிதர்களை மதிக்கும் காற்று. ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் மரியாதை தெரியாத காற்றைப் பார்த்தேன். காலையில் கொடியில் போட்ட சேலையை மத்தியானம் நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். கோலப்பொடி தரையைத் தொடுவதற்குள் கிழக்கே போய்விடும். மேற்கே மலை முழுக்க மேகத்தைப் போர்த்திக்கொண்டு, எனக்கென்ன என்று நிற்கும்.

என் வீட்டுக்காரர் வடக்கே பனிமலையில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். எண்பதுகளின் கடைசியில் ஊருக்குத் திரும்பி, ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்தார். பேச்சு குறைவு. பட்டாளத்துக் கதை சொல்லச் சொல்லித் தெருப் பிள்ளைகள் மொய்த்தாலும், சாப்பாட்டையும் ரயிலையும் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஆடி பிறந்ததும் வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக் கொக்கி போடுவது அவர் வழக்கம். தூசி ஆகாது போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்படி ஒரு ஆடியில்தான், வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு ஒருத்தர் வாரார், கொஞ்ச நாள் தங்குவாரு" என்றார்.

"யாரு?"

"என் கூட இருந்தவனோட அப்பா. ஹரியானாவுல இருந்து."

"அம்புட்டு தூரத்துல இருந்தா? எதுக்கு?"

சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பிறகு, "மகன் எப்படிச் செத்தான்னு கேக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனிமலையில் கூடவே இருந்த ஒருவர் இறந்துபோனது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறோம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வதாக உத்தேசம் என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் மறுநாள் ரயிலில் வந்து இறங்கினார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைத் தலைப்பாகை, நரைத்த பெரிய மீசை. பெட்டியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, துணி சுற்றிய ஒரு பொருளை மட்டும் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தபோது பார்த்தால் ஹுக்கா. கீழே பித்தளைச் செம்பு, அதில் தண்ணீர். அதிலிருந்து மேலே ஒரு குழாய், அதன் தலையில் புகையிலை வைக்க மண் கிண்ணம். கிண்ணத்தின் மேல் கங்கு போட்டு, பக்கத்துக் குழாயில் வாய் வைத்து இழுத்தால் தண்ணீர் குடுகுடு என்று பேசும். அதுவரைக்கும் அப்படி ஒன்றை நான் படத்தில் கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தால் தரையைப் பார்த்துக் கை கூப்புவார். நான் சப்பாத்தி என்று நினைத்துச் சுட்டதை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். மோரை மட்டும் செம்பு செம்பாகக் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனிதர் என்பது மோர் குடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் பின்வாசலில் ஹுக்காவோடு உட்கார்ந்தார். நான் சிரட்டைக் கரியைப் பற்றவைத்துக் கொடுத்தேன். ரெண்டு இழுப்பு கூட இழுத்திருக்க மாட்டார், மலையிலிருந்து காற்று இறங்கியது. கங்கின் மேல் இருந்த சாம்பல் அவர் மீசைக்குப் போனது. கங்கு பொறி பொறியாகச் சிதறிப் பின்சுவரைத் தாண்டியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சு அரவைக் கொட்டகை. கழிவுப் பஞ்சு முற்றத்தில் குவிந்து கிடக்கும். அதன் முதலாளி வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிறவர், என்னைத் தெலுங்கில் 'அம்மாயி', அதாவது பொண்ணு, என்றுதான் கூப்பிடுவார், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. ஒரு கையில் செருப்பை வைத்துக்கொண்டு வந்து நின்றார். பொறியைச் செருப்பால் அடித்து அணைத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார்.

"அம்மாயி, பெரியவரை நான் ஒண்ணும் சொல்லல. தூரத்துல இருந்து வந்தவரு. ஆனா பஞ்சுக்கு விருந்தாளின்னு தெரியாது பாத்துக்க."

நியாயமான பேச்சு. பெரியவர் புரிந்துகொண்டு கங்குகளை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஹுக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பற்றவைக்காமல், மலையையே பார்த்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருப்பார். ரெண்டு பேரும் ஊமைகள் மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டுக்குள்ள வச்சுக் குடிக்கச் சொல்லுங்களேன். நான் என்ன மூக்கப் பொத்திக்கிட்டா ஓடப் போறேன்?"

"பொம்பளையாளு இருக்க வீட்டுக்குள்ள குடிக்க மாட்டாரு. மரியாதக் கொறவு."

"சரி, குடிக்காட்டி என்ன? கேக்க வந்ததக் கேட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

"அப்படி இல்ல, ஏட்டி. அவிய ஊர்ல முக்கியமான பேச்சுன்னா உக்காவச் சுத்தி உக்காந்துதான் பேசுவாக. அது பொகையாம அவரு வாயத் தொறக்க மாட்டாரு." மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரு கேக்காம எனக்கும் சொல்ல வராது" என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பட்டாளத்திலிருந்து அந்த அப்பாவுக்குப் போன செய்தியில் இடமும் தேதியும் தவிர ஒன்றும் இல்லையாம். அதற்கு மேல் தெரிந்தவர் உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். ரெண்டு நாள் ரயிலேறி வந்த மனிதர், இந்தப் பாழாய்ப்போன காற்றினால், கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போய்விடப் போகிறார். ஊருக்குப் போகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது என் வீட்டுக்காரர், "கங்குக்கு ஒரு மூடி செஞ்சா என்ன?" என்றார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

முதல் மூடியை எண்ணெய் டின்னில் வெட்டினார். தகரம் சூடானதும் அதில் இருந்த பெயின்ட் கருகி ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், கொட்டகை முதலாளி மறுபடியும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். பெரியவர் இருமிக்கொண்டே நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். அந்த மூடி குப்பைக்குப் போயிற்று.

"எவர்சில்வர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்தார்.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் என்றால் அதில் பேர் இருக்கும். கல்யாணத்துக்கோ சடங்குக்கோ கொடுக்கிறவர்கள் கடையிலேயே பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். உளியால் புள்ளி புள்ளியாக அடித்த எழுத்து. என் அலமாரியில் இருந்த ஒவ்வொரு குடத்துக்கும் தட்டுக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ சொந்தம். கை வைத்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். பேர் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு தூக்குச்சட்டி. கல்யாணத்தன்று யாரோ அவசரத்தில் வாங்கி, பேர் வெட்ட நேரமில்லாமல் கையில் திணித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். கொடுத்தது யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. நல்ல கனமான சட்டி. மனசில்லாமல்தான் எடுத்துக் கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆனால் அவர் அதை வெட்டியதைப் பார்த்தபோது என் முகம் தானாக இறங்கிவிட்டது. கைப்பிடியைக் கழற்றினார். வாய் விளிம்பில் தகரக் கத்திரியை வைத்து, அங்கங்கே சின்னச் சின்னப் பிறையாக வெட்டிக்கொண்டு வந்தார், கவிழ்த்து வைத்தால் அடியில் கொஞ்சம் காற்றுப் போக. எவர்சில்வர் லேசில் மசியாது. ஆனால் அந்தக் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அளக்கவில்லை, கோடு போடவில்லை. வெட்டிய ஓரத்தை எல்லாம் குறடால் உள்பக்கம் மடித்து, தொடுகிறவர் விரலைக் கிழிக்காமல் தட்டிவிட்டார். மில்லில் மெஷின் பிரிக்கிற மனிதர் என்று தெரியும். இப்படி ஒன்றை இழைத்து இழைத்துச் செய்வார் என்று தெரியாது. நான் அரிசி களைந்த தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"இத எங்க படிச்சீக?"

"ஒருத்தன் வெட்டுறதப் பாத்திருக்கேன்" என்றார், தலையைத் தூக்காமல்.

சூடும் புகையும் வெளியேறப் பக்கத்தில் ஓட்டைகள் வேண்டும். ஆணியை வைத்து அடித்தார், ஆணிதான் மடங்கியது. மறுநாள் பெரியவரை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலுக்குக் கூட்டிப் போவதாக இருந்தோம். "பேர் வெட்டுறவரு உளி இதுல எறங்கும்" என்று சட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை. வாசலில் பேர் வெட்டுகிறவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆடிப்பூரத்துக் கூட்டம், அவருக்கு மூச்சு விட நேரமில்லை. என் வீட்டுக்காரர் அங்கே காத்திருக்க, நான் பெரியவரைக் கோபுரத்தைப் பார்க்கக் கூட்டிப் போனேன். தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம் எனக்கு. அவர் கழுத்து போகிற போக்கில் நானும் அண்ணாந்தேன். எம்புட்டு உயரம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். கண்ணை மூடிச் சாப்பிட்டுவிட்டு, பாதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்க எனக்குப் பாஷை இல்லை.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. சட்டியின் பக்கத்தில் சும்மா ஓட்டைகள் இல்லை. எழுத்து. வட்டமாக ஒரு பேர், ஒவ்வொரு புள்ளியும் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஊடுருவிப் போயிருந்தது. தமிழ் எழுத்தில் ஒரு வடக்கத்திப் பேர். யாருடைய பேர் என்று எனக்குச் சொல்லாமலே புரிந்தது.

"யாரு பேரு போடணும்னு கேட்டாரு. வாயில அதுதான் வந்துது" என்றார் என் வீட்டுக்காரர், தப்புச் செய்தவர் மாதிரி.

பேர் வெட்டுகிறவர் அடுத்த குடத்தை மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டின்னா பேரு வெட்டணும். இவுக ஓட்டையும் வேணும்னாக. ரெண்டுக்கும் தனித்தனியா எதுக்குக் குத்தணும்னு பேரையே ஓட்டையாப் போட்டுட்டேன்."

பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரையில் போட்ட பூவேலை என்று நினைத்திருப்பார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து கவிழ்த்து வைத்துப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. பேர் தலைகீழாக நின்றது.

பேர் வெட்டுகிறவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஜென்மம் முழுக்கச் சட்டிக்குப் பேர் வெட்டிய மனிதர், சட்டி நிமிர்ந்துதான் நிற்கும் என்று வெட்டிவிட்டார். அதைக் கவிழ்த்துத் தீயை மூடப் போகிறோம் என்று அவர் கண்டாரா? நாங்களாவது சொல்லியிருக்க வேண்டும், எங்களுக்கும் தோன்றவில்லை. செத்துப்போன பிள்ளையின் பேரைத் தலைகீழாக வைத்து, அதற்குள் நெருப்பையும் போட்டு, பெற்றவர் கையில் கொடுப்பதா?

"வேண்டாங்க. வேற எதையாவது மூடுவோம்" என்றேன்.

அவரும் எடுக்கத்தான் கையை நீட்டினார். அதற்குள் பெரியவர் பின்வாசலில் கங்கைப் போட்டுவிட்டு, மூடி எங்கே என்று கை நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையை எப்படி வெறுமையாகத் திருப்புவது? கொடுத்தோம்.

பொழுது அப்போதுதான் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பெரியவர் மூடியைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்தார். காற்று வந்தது, வழக்கம் போல ஆத்திரத்தோடு வந்தது. நான் சுவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு பொறி இல்லை. அடியில் இருந்த பிறைகள் வழியாகக் காற்று உள்ளே போய், கங்கைச் சிதறடிப்பதற்குப் பதிலாக ஊதி விட்டது. பெரியவர் இழுத்தார். செம்புத் தண்ணீர் குடுகுடு என்று பேசத் தொடங்கியது.

அப்போது பேர் எரிந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு புள்ளியும் சிவந்து, மங்கிய வெளிச்சத்தில் அந்த எழுத்துகள் மட்டும் தனியாக நின்றன. அவர் இழுக்கும்போது பிரகாசமாகும், விடும்போது மங்கும். மூச்சு வாங்குவது போல இருந்தது. நிலைப்படியில் நின்றபடியே கும்பிட்டேன். கோவிலில் கற்பூரம் காட்டும்போது கூட அப்படி எனக்குக் கை தானாகக் கூடியதில்லை.

பெரியவரும் பார்த்துவிட்டார். பூவேலை இல்லை, ஏதோ எழுத்து என்று அந்த வெளிச்சத்தில் புரிந்திருக்க வேண்டும். விரலை நீட்டி என்ன என்று கேட்டார்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த பேர்தான். ஆனாலும் எழுத்தைத் தொட்டுக் காட்டிப் படிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தலைகீழ் எழுத்தைப் படிக்கத் தரையில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, காது மண்ணில் படுகிற மாதிரி குனிந்தார். பெரியவர் அதைத் தன் காலில் விழுவதாக எடுத்துக்கொண்டார். குழாயை வைத்துவிட்டு, அந்தத் தலையின் மேல் கையை வைத்தார். கை தலையில் இருக்கும்போதே என் வீட்டுக்காரர் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, அந்தப் பேரைச் சொன்னார்.

பெரியவர் அசையவில்லை. இழுக்காததால் கங்கு மங்கியது, பேரும் இருட்டுக்குள் போகத் தொடங்கியது. அவர் சட்டென்று குழாயைப் பற்றி இழுத்தார். பேர் திரும்பி வந்தது. மறுபடி இழுத்தார். கண்ணில் தண்ணீர் மீசை வரைக்கும் வழிகிறது, துடைக்கவில்லை, இழுப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடுமே.

பிறகு, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, கேட்க வந்ததைக் கேட்டார். சின்னக் கேள்வி. என் வீட்டுக்காரர் தரையிலிருந்து எழாமலே பதில் சொன்னார். அவர் தொடர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, 'சாய்', டீயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது நாலைந்து தடவை வந்தது. அந்த வார்த்தை வந்தபோதெல்லாம் பெரியவர் தலையை ஆட்டினார், இன்னொரு தடவை சொல் என்பது போல.

பேசி முடித்த பிறகு பெரியவர் குழாயின் வாயைத் தலைப்பாகை நுனியால் துடைத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர்கள் ஊரில் உறவுக்காரனுக்குத்தான் அப்படிக் கொடுப்பார்களாம். பீடி கூடத் தொடாத மனிதர் வாங்கி இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார். பேர் அவருக்கும் எரிந்தது. அந்தக் காற்றை நான் முதல் தடவையாக வையாமல் நின்றேன்.

ஊருக்குப் போகும்போது பெரியவர் பெட்டியை மேலே வைத்துவிட்டு, ஹுக்காவைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, மூடியை மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகர்கிற வரைக்கும் விரல் அந்தப் புள்ளிகளின் மேலேயே போய் வந்தது. வரிசை தெரியாமல் தடவினாலும் பேர் பேர்தானே.

ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போதுதான் கேட்டேன்.

"அவரு என்ன கேட்டாரு?"

"கடேசியா அவனுக்குச் சூடா ஏதும் கெடச்சுதான்னு கேட்டாரு."

அந்தப் பனியில் காற்று அடுப்பை எரிய விடாதாம். ரேஷன் டின் ஒன்றை வெட்டி, ஓரத்தில் பிறை பிறையாகக் கொத்தி, அடுப்பைச் சுற்றி மறைப்பு வைத்தது அந்தப் பையன்தானாம். அதில் டீ கொதித்ததாம். ரெண்டு பேரும் ஒரே குவளையில் குடித்தார்களாம். அதன் பிறகு தூங்கினவன் தூக்கத்திலேயே போய்விட்டான், ஒன்றும் தெரியவில்லை, வலி இல்லை என்று அப்பாவிடம் சொன்னாராம்.

தூக்குச்சட்டியை வெட்டிய கை எங்கே படித்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே புழுக்கமாக இருந்தது. அவர் போய் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அவருகிட்ட சொன்னது அம்புட்டும் நெசமா?"

கடைசி ஜன்னலைத் திறந்துவிட்டு, உள்ளே வந்த காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"டீ நெசம்" என்றார்.